தட்டியதும் தப்பாகத் தட்டியதும்

என்னை அச்சகத்திலும் தெருவிலும் தட்டக்கா என்று அழைப்பார்கள். வயது நாற்பத்தேழு. அச்சகத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடையை ஒட்டிய கீழ்வீட்டில் கணவரோடும் மகளோடும் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பாடப்புத்தகங்கள் அச்சிடும் அச்சகத்தில் மெய்ப்பு வாசிக்கும் வேலை பார்க்கிறேன். இதற்கு முன் காவல் நிலையத்துக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறேன், அதுவும் வழி தவறி. இந்த வாக்குமூலம் நான் கேட்டுக்கொண்டதன் பேரில் பதியப்படுகிறது. ரைட்டர் ஐயா சுருக்கமாகச் சொல்லும்படி சொன்னார். நான் முயற்சி செய்கிறேன் என்று சொன்னேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மெய்ப்பு பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஆசிரியர் எழுதிக் கொடுத்த மூலப் பிரதியை நான் உரக்க வாசிப்பேன். அச்சான தாளை எதிரே வைத்துக்கொண்டு என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, வரி வரியாக விரல் ஓட்டிச் சரிபார்ப்பார். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்து வருகிறோம். இதில் உள்ள தொல்லை என்னவென்றால், நம் ஆட்கள் பேசும்போது வலியும் வழியும் ஒன்றுபோலக் காதில் விழும், கரியும் கறியும் அப்படியே, மனமும் மணமும் அப்படியே. ஒவ்வொரு சொல்லுக்கும் "குண்டு ள", "சிறப்பு ழ", "பெரிய ற", "மூணு சுழி ண" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் அரைப் பக்கம் முடிவதற்குள் பொழுது போய்விடும். ஆகவே ஆரம்பத்திலேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ள வந்தால் மேசையில் விரலால் ஒரு தட்டு, ழ வந்தால் இரண்டு தட்டு, ற வந்தால் நகத்தால் ஒரு கீறல், ண வந்தால் விரல் முட்டியால் ஓர் இடி. மற்ற எழுத்துகளுக்கு ஒன்றும் இல்லை. வாய் வாசிக்கும், கை தட்டும், நாத்தனாரின் கண் தாளை விட்டு அசையாது.

இது காலப்போக்கில் எனக்குப் பழக்கமாகி, வேலை நேரத்தில் மட்டுமல்லாமல் என் கை எப்போதும் தட்ட ஆரம்பித்துவிட்டது. "கதவைத் திற" என்று வீட்டில் சொன்னால் ஒரு கீறல் விழும். "விளக்கை அணை" என்றால் ஒரு தட்டும் ஓர் இடியும் விழும். நான் பேசாமல் பிறர் பேசினாலும் கை அதன் பாட்டுக்குத் தட்டும். தட்டுவது எனக்கே தெரியாது. என் கணவர், "உன்னோட சண்டை போட்டா மட்டும்தான் மேளத்தோட திட்டு வாங்கலாம்" என்பார். மகள் தொலைபேசியில் என்னோடு பேசும்போது, "அம்மா, போனைக் கீழே வெச்சிட்டுத் தட்டு, காது வலிக்குது" என்பாள். தட்டக்கா என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

அதன் பிறகு நாத்தனாருக்கும் எனக்கும் இருந்த மனத்தாங்கல் பற்றிச் சொல்ல வேண்டும். இது குடும்ப விஷயம், தேவையில்லை என்று ரைட்டர் ஐயா சொன்னார். இதுதான் வழக்கின் உயிர்நாடி என்று நான் சொன்னதால் எழுதினார். போன கோடையில் அச்சகத்துக்கு எதிரிலேயே ஒரு மாடி வீடு வாடகைக்கு வந்தது. பால்கனி உண்டு, சமையலறையில் வெளிச்சம் உண்டு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்காது. வீட்டுக்கார அம்மாள் எங்களை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றார். நாங்கள் போனோம், நாத்தனாரும் உடன் வந்தார். வீட்டுக்கார அம்மாள் தண்ணீர் வரும் நேரம், குப்பை போடும் இடம், மாடியில் துணி காயப்போடும் முறை எல்லாவற்றையும் விவரித்துக்கொண்டிருந்தார். அவர் விவரிக்க விவரிக்க என் கை நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டும் கீறிக்கொண்டும் இருந்திருக்கிறது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.

அப்போது நாத்தனார் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, அண்ணிக்கு அது ஒரு நரம்புக் கோளாறு. யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்று சொன்னார். வீடு கிடைக்கவில்லை. படியிறங்கும்போது, "உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது?" என்று நான் கேட்டேன். "நல்லதுக்குத்தானே சொன்னேன், நீங்க கையை மடியில வெச்சிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?" என்று அவர் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவருக்கும் வந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது.

அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நான் வாசிப்பேன், அவர் பார்ப்பார். புத்தகத்தில் உள்ளதைத் தவிர ஒரு சொல் எங்களுக்குள் போகாது, வராது. ஜன்னல் சாத்த வேண்டும் என்றாலும், பேனா வேண்டும் என்றாலும் பக்கத்தில் தைக்கும் பைண்டர் அண்ணன் வழியாகத்தான். "அண்ணே, அவங்களைக் கொஞ்சம் ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்க" என்று நான் சொல்வேன். "ஏற்கெனவே ஒண்ணுலதான் ஓடுதுன்னு சொல்லுங்கண்ணே" என்று அவர் சொல்வார். பைண்டர் அண்ணன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு ஊசியில் நூலைக் கோப்பார். எனக்கு உள்ளுக்குள் வருத்தமாகத்தான் இருந்தது. முதலில் பேசுவது யார் என்பதில்தான் இருவரும் கல்லாக இருந்தோம்.

அதன் பிறகு, கடைக்காரர் சங்கத்தார் புதிதாகக் கட்டிய கூடத்தில் பெரியவர்களுக்கான சொல் எழுதும் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். பெயர்ப் பலகைகளில் பிழை மலிந்துவிட்டது, 'பழைய இரும்பு வாங்கப்படும்' என்பது 'பலைய' என்று நிற்கிறது, அதற்காக இந்த விழிப்புணர்வு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அந்த நோட்டீஸிலேயே 'விழிப்புணர்வு' தவறாக இருந்தது என்பதை வழக்குக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லி வைக்கிறேன். முதல் பரிசு ஒரு வாஷிங் மெஷின். நான் பெயர் கொடுத்தேன். நாத்தனாரும் கொடுத்திருக்கிறார் என்பது பைண்டர் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டி நடந்தது. முதல் சுற்றுகள் முடிந்து மேடைக்கு மூன்று பேர் வந்தோம். நான், என் நாத்தனார், மூன்றாவது ஆள், இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் டைப்பிங் நிலைய ஆசிரியர். டைப்பிங் வாத்தியார் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். மேடையில் மூன்று மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் நடுவில், வலது பக்கம் நாத்தனார், இடது பக்கம் வாத்தியார். மேடைத் தளம் பலகையால் ஆனது, நடந்தாலே முழங்கும். அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதில் ஒரு சொல்லை எழுதச் சொன்னார். "அரத்தால் இரும்பைத் தேய்த்தான்" என்றார், அரம் எழுதினோம். "தோளில் துண்டைப் போட்டான்" என்றார், தோள் எழுதினோம். இப்படியே போய்க்கொண்டிருந்தது. என் கை தட்டியதா என்று கேட்டால், தட்டியிருக்க வேண்டும். தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதன் பிறகு வாத்தியார் ஒரு சொல்லில் சறுக்கி மூன்றாம் இடத்துக்குப் போனார். எந்தச் சொல் என்பதை அவருடைய மரியாதையை உத்தேசித்துச் சொல்லவில்லை. மீதி நாங்கள் இருவர் மட்டும். "கடிதத்தை உறையில் போட்டான்" என்று அறிவிப்பாளர் சொன்னார். உறை என்று நான் சரியாகத்தான் எழுதினேன். எழுதும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உடனே பழக்க தோஷத்தில், ஒட்டியதைப் பிரிக்கும்படி தாளின் ஓரத்தில் ஒரு குறி போட்டேன். அச்சுக் கோப்பவருக்குப் போடும் குறி அது. அங்கே யாருக்குப் போட்டேன் என்று நடுவர் கேட்டார். சொல்லைத் தவிர வேறு எதுவும் தாளில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எனக்கு இரண்டாம் இடம், நாத்தனாருக்கு முதல் இடம் என்று அறிவித்தார்கள். நாத்தனார் என் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பை வாத்தியார் பார்த்துவிட்டார். எழுந்து நின்று, "இது போட்டியா, தந்தி ஆபீஸா? ஆரம்பத்துலேர்ந்து இந்தம்மா தட்டித் தட்டிச் சொல்லிக் குடுக்கிறாங்க, அந்தம்மா கேட்டுக் கேட்டு எழுதுறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆபீஸு, ஒரே குடும்பம், ஒரே கூட்டு!" என்று மைக்கிலேயே சொன்னார். கூடம் முழுக்க ஒரே கூச்சல் ஆனது. அதன் பிறகு அவர் மேடை ஓரத்தில் வைத்திருந்த வாஷிங் மெஷினை ஒரு பக்கம் பிடித்தார், நாத்தனார் மறுபக்கம் பிடித்தார். இருவரும் விடவில்லை. மெஷின் நகர்ந்து மைக் ஸ்டாண்டின் மேல் சாய்ந்தது, ஸ்டாண்ட் உடைந்தது. சங்கத்தார் காவல் நிலையத்துக்குச் சொன்னார்கள். எங்களை எல்லாம் ஜீப்பிலும், மெஷினை ஒரு லோடு ஆட்டோவிலும் கொண்டு வந்தார்கள். சாட்சிப் பொருள் என்று சொல்லி அதை ரைட்டர் ஐயாவின் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இறக்கிய சிறிது நேரத்துக்குள் அதன் மேல் இரண்டு தொப்பிகளும் ஒரு டீ கிளாசும் ஏறிவிட்டன.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னை அழைத்து விசாரித்தார். தட்டியது உண்மை, சொல்லிக் கொடுத்தது பொய் என்று சொன்னேன். போன கோடையிலிருந்து நாங்கள் பேசுவதில்லை, அப்படி இருக்க நான் ஏன் உதவப் போகிறேன் என்று கேட்டேன். "அதுவும் நாடகமா இருக்கும் மேடம்" என்று வாத்தியார் சொன்னார். பைண்டர் அண்ணனை வரவழைத்துக் கேட்டார்கள். அவர், "நாடகமா இருந்தா எனக்குச் சம்பளம் குடுத்திருக்கணும் மேடம். நான்தான் ரெண்டு பேருக்கும் தபால்காரன்" என்று சொன்னார். அதன் பிறகு என் கணவர் வந்தார். மனைவி சொல்வது உண்மையா, தங்கை சொல்வது உண்மையா என்று அவரிடம் கேட்டார்கள். இருவரும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அது அவர் காதில் ஏறவில்லை. "வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார். எங்களிடம் வண்டி கிடையாது.

அதன் பிறகு அச்சக முதலாளி வந்தார். இதுவரை நடந்தது எல்லாம் சிரிப்பாக இருந்தது, இது அப்படி இல்லை. அவர் எங்கள் இருவரையும் வராந்தாவில் நிறுத்தி, கோபப்படாமல்தான் பேசினார். "நம்ம தொழிலே சொல்லுதான். சொல்லுப் போட்டியிலயே திருட்டுன்னு பேர் வந்தா நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் புத்தகம் குடுக்கும்? உங்களை நான் நம்பறேன். ஆனா என் நம்பிக்கையைக் காட்டி ஆர்டர் வாங்க முடியாதும்மா. குத்தம் இல்லேன்னு இங்கேர்ந்து ஒரு காகிதம் வேணும். அது இல்லாம ரெண்டு பேரும் நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று சொன்னார். நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் வேலை இல்லாமல் இருக்கிறார், வீடு ஓடுவதே இவருடைய வேலையில்தான். எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தாலும் கிடைக்கும். அவருக்கு மெய்ப்பைத் தவிர வேறு தெரியாது.

உள்ளே போய் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம், எங்களை எப்படி வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு நாத்தனாரைப் பக்கத்து அறையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்தார். இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். வாக்கியங்களை வாத்தியாரே சொல்லட்டும், சொல்லை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அதன் பிறகு என் பக்கம் குனிந்து, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி, "நீங்க தட்டுங்க. ஆனா ஒவ்வொண்ணையும் வேணும்னே தப்பாத் தட்டுங்க. அவங்க உங்க தட்டை நம்பி எழுதறவங்களா இருந்தா தப்பா எழுதுவாங்க. வாயைத் திறக்கக் கூடாது" என்று சொன்னார்.

இது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுதும்படி ரைட்டர் ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். இத்தனை வருடத்தில் காய்ச்சலில் வாசித்திருக்கிறேன், தூக்கக் கலக்கத்தில் வாசித்திருக்கிறேன், என் தகப்பனார் இறந்த வாரத்தில் அழுதுகொண்டே வாசித்திருக்கிறேன். ஒருநாளும் கை தவறித் தட்டியதில்லை. தெரிந்தே தவறாகத் தட்டுவது பொய்ச் சத்தியம் செய்வது போல இருந்தது. நாத்தனார் நம்பி எழுதி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

வாத்தியார், "பறவை கூட்டில் இல்லை. பறவை" என்றார். கீற வேண்டிய இடத்தில் கையை இறுக்கி மடக்கிக்கொண்டு சும்மா இருந்தேன். பக்கத்து அறையில் பேனா ஓடும் சத்தம் கேட்டு நின்றது. வாத்தியார், "பூவின் மணம் வீசியது. மணம்" என்றார். முட்டியால் இடிப்பதற்குப் பதிலாக நகத்தால் கீறினேன். பக்கத்து அறையில் பேனா ஓடியது. அதன் பிறகு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. வாத்தியார், "ஊருக்கு வழி கேட்டான். வழி" என்றார். நான் இரண்டு தட்டுக்கு மூன்று தட்டினேன். பேனா அவசரமாக ஓடியது.

கதவு திறந்தது. அதைச் சாத்திப் பிடித்திருந்த பெண் காவலரைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணி! என்ன ஆச்சு உங்களுக்கு? கை ஏன் இப்படிப் போகுது? இங்க பாருங்க, வாயை நேரா வெச்சுச் சிரிங்க. வலது கையைத் தூக்குங்க" என்று கத்தினார். பக்கவாதம் என்று நினைத்துவிட்டார். எனக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு, ஆகவே பேசாமல் இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்தேன். நான் பேசாததைப் பார்த்து நாத்தனார் இன்னும் பயந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவ ஆரம்பித்தார். "தண்ணி கொண்டாங்க! வண்டி கூப்பிடுங்க! பேச்சு வரலைங்க இவங்களுக்கு!" என்றார். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது இன்ஸ்பெக்டர் அம்மா பேசலாம் என்று கை காட்டினார். "எனக்கு ஒண்ணும் இல்லடி. தப்பாத் தட்டச் சொன்னாங்க, தட்டினேன்" என்று சொன்னேன். நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. "தப்பாவா? நீங்களா? அதுக்கு எப்படி ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான்" என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரம் விசாரணை நடக்கவில்லை.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அம்மா நாத்தனாரின் தாளை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மேசை மேல் வைத்தார். பறவை, மணம், வழி மூன்றும் சரியாக இருந்தன. கடைசிச் சொல் மட்டும் அவசரத்தில் கோணலாக இருந்தது. "ஆனா தட்டைக் கேட்டிருக்காங்களே மேடம்!" என்று வாத்தியார் கடைசியாக ஒரு முறை முயன்றார். "வீட்டுல உங்க குறட்டையை உங்க மனைவியும்தான் கேக்கறாங்க. அதுக்காக அவங்களும் குறட்டை விடறாங்களா?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். வாத்தியார் அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். உடைந்த மைக் ஸ்டாண்டைச் சரிசெய்து தரும் பொறுப்பையும், வாஷிங் மெஷினை நாத்தனார் வீட்டு மாடிக்கு ஏற்றத் தோள் கொடுக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். என் கணவர் அப்போதுதான் உள்ளே வந்து, எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். அவரையும் மெஷினுக்கு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

புகார் முடிந்துவிட்டது, இனி வாக்குமூலம் வேண்டாம் என்று ரைட்டர் ஐயா சொன்னார். எங்கள் முதலாளிக்குக் காகிதம் வேண்டும், அதில் பாதி மட்டும் இருந்தால் போதாது என்று நான்தான் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். இதன் நகல் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். நாங்கள் இருவரும் நாளைக் காலை வழக்கம்போல வேலைக்கு வருவோம் என்பதையும் இதன் மூலம் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேலே கண்டவை யாவும் நான் என் வாயால் சொன்னவை, நடந்தது நடந்தபடியே சொன்னவை. ரைட்டர் ஐயா வாசித்துக் காட்ட முன்வந்தார். அவர் வேகமாக வாசிப்பதால் என் நாத்தனாரை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசிக்க, நான் தாளில் விரல் வைத்துப் பார்த்து வந்தேன். நாத்தனார் இதுவரை தட்டியதே இல்லை, அது எப்போதும் என் வேலை. இன்று அவர் தட்டினார், கீறினார், இடித்தார். ஓரிடத்தில் மட்டும், நான் அவருடைய வேலைக்காக ஒத்துக்கொண்டேன் என்று வரும் வரியில், வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். அந்த வரியை நான் வாசித்தேன். மற்றபடி எல்லாம் சரி.

ஒப்பம்: தட்டக்கா

வாசித்தவர்: நாத்தனார்

எழுதியவர்: நிலைய ரைட்டர்